நான்கு தட்டுகள் ஏன் நான்கு மடங்கு ஓடுவதில்லை: மென்பொருள் ரெய்டின் வேகக் கணக்கு

ஒரு வன்தட்டு நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் வாசிக்கும் என்று அதன் விவரக் குறிப்பில் போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படிப்பட்ட நான்கு தட்டுகளை வாங்கி லினக்ஸ் கணினியில் ஒன்றாகக் கட்டினால் 800 மெகாபைட் கிடைக்க வேண்டும். பாதுகாப்புக்காக ஒரு தட்டின் இடத்தை விட்டுக்கொடுத்தாலும் 600 கிடைக்க வேண்டும். இந்தக் கணக்கை மனத்தில் போட்டுக்கொண்டுதான் பலரும் இந்த வேலையில் இறங்குகிறார்கள். கட்டி முடித்துக் கோப்பை நகலெடுத்துப் பார்த்தால் வாசிப்பு எதிர்பார்த்ததில் பாதியைத் தாண்டத் திணறுகிறது, எழுதும் வேகம் அதற்கும் கீழே கிடக்கிறது, ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் வரும் எண்ணை வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. உடனே ஒரு தீர்ப்பும் வந்துவிடுகிறது: மென்பொருளில் செய்தால் இப்படித்தான், தட்டுகளைக் கட்டிக்கொடுக்கும் தனி அட்டை வாங்கியிருக்க வேண்டும்.

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு என்பது என் கட்சி. "மென்பொருள்" என்ற சொல்லைக் கேட்டதும் கணினியின் செயலி கணக்குப் போட்டுக் களைத்துப்போகிறது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் செயலி அநேகமாகச் சும்மாதான் இருக்கிறது. தட்டுகள் ஒன்றுக்கொன்று காத்திருக்கின்றன. நாம் கேட்காத சில வேலைகளையும் சேர்த்துச் செய்கின்றன. அந்தக் காத்திருப்பும் அந்தக் கூடுதல் வேலையும் எங்கிருந்து வருகின்றன என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

ரெய்டு என்றால் என்ன

செய்தித்தாளில் அடிக்கடி வரும் வருமான வரித் துறை ரெய்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பல வன்தட்டுகளை அணியாகச் சேர்த்து, கணினிக்கு ஒரே பெரிய தட்டுபோலக் காட்டும் ஏற்பாட்டின் பெயர் ரெய்டு. 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் ஆகிய மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலிருந்து இந்தப் பெயர் பரவியது. விலை உயர்ந்த ஒரு பெரிய தட்டுக்குப் பதிலாக மலிவான சிறு தட்டுகள் பலவற்றை நிறுத்தலாம் என்பது அவர்கள் வாதம். தட்டுகள் கூடக்கூட அவற்றில் ஏதாவது ஒன்று கெடும் வாய்ப்பும் கூடும் என்பதால், கெட்டதை ஈடுகட்டும் வழிகளை வகை பிரித்து 1 முதல் 5 வரை எண்ணும் கொடுத்தார்கள். 0, 6 ஆகிய எண்கள் பின்னால் சேர்ந்தவை.

நமக்கு இங்கே வேண்டியவை நான்கு வகைகள் மட்டுமே. ரெய்டு 0 தரவைப் பங்கிட்டு எல்லாத் தட்டுகளிலும் வைக்கும், பாதுகாப்பு கிடையாது. ரெய்டு 1 ஒரே தரவை இரண்டு தட்டுகளில் அப்படியே படியெடுத்து வைக்கும். ரெய்டு 5 தரவைப் பங்கிட்டு வைப்பதோடு, ஒரு தட்டு கெட்டால் மீட்பதற்கான சரிபார்ப்புத் தகவலையும் சேர்த்து வைக்கும்; அந்தத் தகவலுக்குப் பாரிட்டி என்று பெயர். ரெய்டு 6 இரண்டு பாரிட்டிகளை வைத்துக்கொள்ளும்.

இந்தப் பங்கீட்டைத் தனி அட்டையில் உள்ள சில்லு பார்த்துக்கொண்டால் அது வன்பொருள் ரெய்டு. கணினியின் இயங்குதளமே பார்த்துக்கொண்டால் மென்பொருள் ரெய்டு. லினக்ஸில் இதைச் செய்வது எம்டி என்ற பகுதி. அது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. அதை அமைக்கப் பயன்படும் கட்டளையின் பெயர் எம்டிஏடிஎம்.

இன்னும் இரண்டு சொற்கள் தேவைப்படும். தரவு ஒரே அளவான துண்டுகளாக வெட்டப்பட்டுத்தான் தட்டுகளுக்குப் போகிறது. எம்டிஏடிஎம் நாமாக எதுவும் சொல்லாவிட்டால் 512 கிலோபைட் அளவில் துண்டு போடும். எல்லாத் தட்டுகளிலும் ஒரே இடத்தில் பக்கம் பக்கமாக அமையும் துண்டுகளின் வரிசை ஒரு பட்டை. நான்கு தட்டுள்ள ரெய்டு 5-இல் ஒரு பட்டையில் மூன்று தரவுத் துண்டுகளும் ஒரு பாரிட்டித் துண்டும் இருக்கும். அதாவது ஒரு முழுப் பட்டை நம்முடைய தரவில் 1536 கிலோபைட்டைத் தாங்கும்.

பெருக்குவதற்கு முன் அந்த 200-ஐப் பார்ப்போம்

நான்கால் பெருக்கும் அவசரத்தில், பெருக்கப்படும் எண் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. வன்தட்டுக்குள் ஒரு வட்டத் தகடு சுழல்கிறது. அதன் மேல் வாசிப்பு முனை உள்ளும் வெளியுமாக நகர்கிறது. தகட்டின் வெளி விளிம்பில் ஒரு சுற்றின் சுற்றளவு அதிகம், ஆகவே ஒரு சுற்றில் அதிகத் தரவு முனைக்குக் கீழே ஓடும். உள் விளிம்பில் ஏறத்தாழப் பாதிதான் ஓடும். விளம்பரத்தில் வரும் வேகம் வெளி விளிம்பின் வேகம். புதுத் தட்டு வெளி விளிம்பிலிருந்து நிரம்பத் தொடங்கும் என்பதால், வாங்கிய முதல் வாரத்தில் பார்த்த வேகம் தட்டு நிரம்பிய பிறகு கிடைக்காது. இதில் ரெய்டின் குற்றம் எதுவுமில்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த 200 என்பது முனை அங்குமிங்கும் தாவாமல் வரிசையாக வாசித்துக்கொண்டே போகும்போது மட்டும் கிடைப்பது. தரவு இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு காத்திருப்புகள் உண்டு. முனை உரிய தடத்துக்கு நகர வேண்டும். அது தேடல் நேரம். நகர்ந்த பின் நமக்கு வேண்டிய இடம் சுழன்று முனைக்குக் கீழே வர வேண்டும். அது சுழற்சிக் காத்திருப்பு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிநொடி எடுக்கிறது, ஆகவே சராசரிக் காத்திருப்பு அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிநொடி. தேடல் நேரத்தை 8.5 மில்லிநொடி என்று வைத்தால் ஒரு வேலைக்கு ஏறத்தாழ 12.7 மில்லிநொடி ஆகிறது. நொடிக்கு 79 வேலைகள். ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் மொத்தம் நொடிக்கு 316 கிலோபைட். நொடிக்கு 200 மெகாபைட் தரும் அதே தட்டுதான் இது. மெகாபைட் கணக்கில் ஒன்றைக்கூட எட்டவில்லை.

ஆக, "கோட்பாட்டு வேகம்" என்று நாம் சொல்வது மிகச் சாதகமான இடத்தில், மிகச் சாதகமான முறையில் அளந்த எண்ணை, தட்டுகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் கிடைத்தது.

கயிறு நகரும் நேரம்

கயிறு பிடித்து வரிசை நடவு செய்வதைப் பார்த்தவர்களுக்கு அடுத்த காரணம் எளிதில் விளங்கும். வயலின் இரு வரப்பிலும் ஆள் நின்று கயிற்றை இழுத்துப் பிடிக்க, நடவுப் பெண்கள் ஆளுக்கு ஒரு பங்காக அந்தக் கயிற்றை ஒட்டி நடுவார்கள். எல்லோரும் தங்கள் பங்கை முடித்த பிறகுதான் கயிறு அடுத்த வரிசைக்கு நகரும். அதில் ஒருவருக்கு மட்டும் நாற்றுக் கட்டு கை எட்டும் தூரத்தில் இல்லை என்றால், மற்றவர்கள் எவ்வளவு வேகமான கைக்காரர்களாக இருந்தாலும் நிமிர்ந்து நின்று காத்திருக்க வேண்டியதுதான்.

நான்கு தட்டுள்ள ரெய்டு 0-இல் ஒரு முழுப் பட்டையை வாசிக்கும்போதும் இதுவே நடக்கிறது. நான்கு தட்டுகளும் தங்கள் துண்டைக் கொடுத்தால்தான் பட்டை முழுமையாகும். ஆகவே வேலை முடியும் நேரம் நான்கில் மெதுவானதன் நேரம். எந்தத் தட்டும் பழுதாக இருக்க வேண்டிய அவசியமில்லை. நான்கும் தனித்தனியே சுழல்வதால் வேண்டிய இடம் ஒன்றில் உடனே வரும், ஒன்றில் கால் சுற்று கழித்து வரும், இன்னொன்றில் சற்று முன்புதான் கடந்து போயிருக்கும். ஒரு தட்டுக்குச் சராசரிக் காத்திருப்பு அரைச் சுற்று; இரண்டில் மெதுவானதற்கு மூன்றில் இரண்டு பங்கு; நான்கில் மெதுவானதற்கு ஐந்தில் நான்கு பங்கு. 4.17 மில்லிநொடி 6.67 ஆகிவிடுகிறது. தட்டுகளைக் கூட்டக்கூட இது முழுச் சுற்றை நெருங்கும். ஒரு காலத்தில் இதைத் தவிர்ப்பதற்காகவே தட்டுகளின் சுழற்சியை ஒன்றோடொன்று ஒத்திசைக்கும் வசதிகூட இருந்தது. இப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நீண்ட கோப்பை வரிசையாக வாசிக்கும்போது கெர்னல் அடுத்து வேண்டியதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வதால் இந்தக் காத்திருப்பு பெருமளவு மறைந்துவிடுகிறது. சிறிய கோரிக்கைகளில் சிக்கல் வேறு விதமானது. 4 கிலோபைட் கேட்டால் அது ஒரே துண்டுக்குள் அடங்கிவிடும்; ஒரு தட்டுதான் ஓடும், மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கும். ஒரே நேரத்தில் பல கோரிக்கைகள் வரிசையில் நின்றால் அவை வெவ்வேறு தட்டுகளுக்குப் பிரிந்து போய் அணியின் பலன் தெரியும். ஒருவர் ஒரு கோரிக்கை கொடுத்து, பதில் வந்த பிறகு அடுத்ததைக் கொடுத்தால் நான்கு தட்டு இருந்தாலும் நாற்பது இருந்தாலும் ஒரு தட்டின் வேகமே கிடைக்கும்.

இதுவரை பார்த்ததில் மென்பொருளுக்கு எந்தப் பங்கும் இல்லை என்பதைக் கவனிக்கலாம். விலையுயர்ந்த அட்டையில் இதே தட்டுகளை மாட்டினாலும் தகடு அதே வேகத்தில்தான் சுழலும்.

கணக்கு நோட்டில் ஒரு வரியைத் திருத்துதல்

இனி ரெய்டு 5-இன் எழுத்து வேகம். புகார்களில் பல இதைப் பற்றித்தான் வருகின்றன. புரியாமல் திட்டுவதும் இதைத்தான் அதிகம்.

மளிகைக் கடையின் பற்று நோட்டில் ஒரு பக்கத்தில் மூன்று வரிகளும் அடியில் கூட்டுத்தொகையும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு வரியில் மை கொட்டி அழிந்துபோனாலும் கவலையில்லை. கூட்டுத்தொகையிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் அழிந்த தொகை வந்துவிடும். பாரிட்டி செய்வது இதையே. கணினி கூட்டுவதற்குப் பதிலாக ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்க்கிறது. மூன்று தட்டுகளிலும் 1011, 0110, 1100 என்று இருந்தால், ஒவ்வொரு இடத்திலும் மேலிருந்து கீழாக எத்தனை 1 இருக்கிறது என்று எண்ண வேண்டும். ஒற்றைப்படையானால் பாரிட்டியில் 1, இரட்டைப்படையானால் 0. இங்கே பாரிட்டி 0001. இரண்டாம் தட்டு கெட்டுப்போனால் மீதியுள்ள 1011, 1100, 0001 மூன்றையும் அதே முறையில் எண்ணிப் பாருங்கள், 0110 திரும்பக் கிடைக்கும்.

இப்போது இரண்டாம் தட்டில் 0110 என்பதை 0111 என்று மாற்ற வேண்டும். மாற்றியது ஒரே ஒரு தட்டில் என்றாலும் பாரிட்டியும் மாற வேண்டும், இல்லாவிட்டால் நாளை மீட்கும்போது தவறான தரவு வரும். பாரிட்டியில் எந்த இடம் மாற வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் பழைய தரவு என்னவாக இருந்தது, பழைய பாரிட்டி என்னவாக இருந்தது என்று தெரிய வேண்டும். ஆகவே பழைய தரவை வாசிக்க வேண்டும், பழைய பாரிட்டியை வாசிக்க வேண்டும், கடைசி இடம் மட்டும் மாறியிருப்பதைக் கண்டு பாரிட்டியை 0000 என்று திருத்த வேண்டும், பிறகு புதுத் தரவையும் புதுப் பாரிட்டியையும் எழுத வேண்டும். நாம் கேட்டது ஒரே ஒரு முறை எழுதச் சொல்லி. தட்டுகள் செய்தது நான்கு வேலைகள். பழையதைத் தொடாமல் மற்ற இரண்டு வரிகளையும் வாசித்துப் புதிதாகக் கூட்டும் வழியும் உண்டு. நான்கு தட்டுள்ள அணியில் அதற்கும் இரண்டு வாசிப்பு, இரண்டு எழுத்து என்று வேலை நான்குதான். ரெய்டு 6-இல் பாரிட்டிகள் இரண்டு என்பதால் வேலை ஆறாகும்.

முன்பு போட்ட கணக்கை இங்கே கொண்டு வருவோம். ஒரு தட்டு நொடிக்கு 79 சிதறல் வேலைகள் செய்யும். நான்கு தட்டுகள் 316 செய்யும். ஒரு முறை எழுத நான்கு வேலை என்றால் நொடிக்கு 79 முறைதான் எழுத முடியும். நான்கு தட்டு வாங்கிப் போட்டு, சிதறல் எழுத்தில் ஒரு தட்டின் வேகத்துக்கே திரும்பி வந்திருக்கிறோம். ரெய்டு 6 என்றால் 53-க்கு இறங்குகிறது. தரவுத்தளம், மெய்நிகர்க் கணினிகளின் கோப்புகள் போன்றவற்றை ரெய்டு 5-இல் வைத்து அவதிப்படுகிறவர்கள் அனுபவிப்பது இந்த எண்ணைத்தான்.

தப்பிக்க ஒரு வழி உண்டு. ஒரு பட்டையின் மூன்று தரவுத் துண்டுகளும் ஒரே சமயத்தில் எழுத வந்துவிட்டால் பழையதை வாசிக்கத் தேவையே இல்லை. நோட்டில் பக்கம் முழுவதையும் புதிதாக எழுதுகிறவருக்குப் பழைய கூட்டுத்தொகை எதற்கு? பெரிய கோப்பை வரிசையாக எழுதும்போது எம்டி இப்படி முழுமையாகச் சேர்வதற்காகத் தரவைச் சிறிது நேரம் நினைவகத்தில் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதற்கான இடம் தொடக்க நிலையில் மிகக் குறைவு: 256 பதிவுகள், ஒவ்வொன்றிலும் தட்டுக்கு 4 கிலோபைட். நான்கு தட்டுக்கு மொத்தம் 4 மெகாபைட். பதிவுகளின் எண்ணிக்கையை 8192 ஆக உயர்த்தினால் 128 மெகாபைட் நினைவகம் செலவாகும், இன்றைய கணினிக்கு அது பெரிதல்ல; வரிசை எழுத்து வேகம் கண்ணுக்குத் தெரியும்படி கூடுவது வழக்கம். சிதறல் எழுத்துக்கு இது பெரிதாக உதவாது, ஏனெனில் அங்கே சேர்ந்து முழுப் பட்டையாவதற்கு அக்கம்பக்கத்துத் தரவு வருவதே இல்லை.

செயலியின் மேல் விழும் பழி

பாரிட்டி கணக்குப் போடுவதுதான் வேகத்தைத் தின்கிறது என்ற எண்ணம் 1990-களின் செயலிகளைப் பார்த்தவர்களிடமிருந்து வந்தது. அப்போது அதில் நியாயமும் இருந்திருக்கலாம். இன்று லினக்ஸ் கெர்னல் இந்தக் கணக்கைப் போடப் பல முறைகளை வைத்துக்கொண்டு, ஓட்டிப் பார்த்து வேகமானதைத் தேர்ந்தெடுக்கிறது. அந்த முடிவைக் கெர்னலின் செய்திகளில் யாரும் படிக்கலாம். இன்றைய சாதாரண மேசைக் கணினியிலேயே அது நொடிக்குப் பல ஆயிரம் மெகாபைட் என்று காட்டும். 600 மெகாபைட் கொண்டுவரும் சுழல் தட்டுகளுக்கு அது பல மடங்கு அதிகம்.

அப்படியானால் தனி அட்டை போட்டவர்களுக்கு எழுத்து ஏன் வேகமாக இருக்கிறது? நல்ல அட்டைகளில் மின்கலத்தின் பாதுகாப்போடு கூடிய நினைவகம் இருக்கும். தரவு அந்த நினைவகத்துக்கு வந்தவுடனே "எழுதியாயிற்று" என்று அட்டை பதில் சொல்லிவிடும். தட்டில் எழுதும் நான்கு வேலைகளையும் பிறகு நிதானமாக, முனைக்கு வசதியான வரிசையில் செய்துகொள்ளும். மின்சாரம் போனாலும் மின்கலம் தரவைக் காப்பாற்றும் என்பதால் அந்தப் பதில் பொய்யாகாது. அட்டையின் வேகம் இந்த நினைவகத்தின் வேகம். நினைவகம் நிறையும் வரை நீடிக்கும், நிறைந்ததும் தட்டுகளின் நிஜ வேகத்துக்கு இறங்கும்.

செயலியைக் குறை சொல்ல நியாயமான இடம் ஒன்றுண்டு. சுழலும் தகடே இல்லாத என்விஎம்இ வகைச் சேமிப்பகங்களை ரெய்டு 5-இல் கட்டினால், ஒவ்வொன்றும் நொடிக்கு ஆயிரக்கணக்கான மெகாபைட் கொடுக்கும். எம்டி ஓர் அணியின் பாரிட்டி வேலை முழுவதையும் வழக்கமாக ஒரே இழையில், அதாவது செயலியின் ஒரு கருவில் மட்டும் ஓடும் ஒற்றை வேலைத்தொடரில் செய்கிறது. அந்த ஒரு கரு முழுச் சுமையில் திணற, மற்ற கருக்கள் சும்மா இருக்கும். 2013-இல் வந்த கெர்னல் 3.12 முதல் பல இழைகளுக்குப் பிரித்துக் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் நாமாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கண்ணில் படாத மற்ற வேலைகள்

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எந்தப் பட்டை பாதியில் நின்றது என்று தெரிய வேண்டும். அதற்காக எம்டி தட்டுகளிலேயே ஒரு குறிப்பேட்டை வைத்திருக்கிறது: ஒரு பகுதியில் எழுதுவதற்கு முன் "இங்கே கை வைக்கிறேன்" என்று குறித்துவிட்டுத்தான் எழுதும். மீண்டும் மின்சாரம் வந்ததும் குறித்த பகுதிகளை மட்டும் சரிபார்த்தால் போதும். இந்தக் குறிப்பேடு அதே தட்டில் வேறோர் இடத்தில் இருப்பதால் முனை அங்கே ஓடிவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு குறிப்பும் அடக்கும் பகுதியைப் பெரிதாக்கினால் இந்த ஓட்டம் குறையும். குறிப்பேட்டையே எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அவர்கள் அடுத்த மின்தடைக்குப் பிறகு அணி முழுவதும் சரிபார்க்கப்படும்வரை காத்திருக்கத் தயாராக வேண்டும்.

ரெய்டு 1 பற்றிய ஒரு தவறான எதிர்பார்ப்பையும் இங்கே சொல்லிவிடலாம். ஒரே தரவு இரண்டு தட்டில் இருப்பதால் ஒரு கோப்பை இரட்டை வேகத்தில் வாசிக்கலாம் என்று தோன்றும்: ஒன்றுவிட்டு ஒரு துண்டை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டால் ஆயிற்று. ஆனால் தட்டு தனக்கு வேண்டாத துண்டைத் தாண்டிக் குதிப்பதில்லை. அது முனைக்குக் கீழே சுழன்று கடந்து போகும்வரை காத்துத்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் அதையே வாசித்திருக்கலாம். இதனால்தான் ஒற்றைக் கோப்பின் வரிசை வாசிப்பை எம்டி ஒரு தட்டிடமே விட்டுவிடுகிறது. இரண்டு பேர் இரண்டு கோப்புகளைக் கேட்டால் ஆளுக்கொரு தட்டு கிடைக்கும்.

பாதை குறுகும் இடங்கள்

தட்டுகள் வேகமாகக் கொடுத்தாலும் தரவு வரும் பாதை அகலமாக இருக்க வேண்டும். வன்தட்டைக் கணினியோடு இணைக்கும் சாட்டா இணைப்பு, மூன்றாம் தலைமுறையில், நொடிக்கு 600 மெகாபைட் தாங்கும். ஒரு தட்டுக்கு அது தாராளம். ஆனால் ஒரே இணைப்பைப் பிரித்து நான்கு தட்டுகளுக்குக் கொடுக்கும் பெட்டியில் அந்த 600-ஐ நான்கும் பங்கு போட வேண்டும். கணினிக்குள் அட்டைகளைச் செருகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதையில், இரண்டாம் தலைமுறை ஒற்றைத் தடத்தில் செருகும் மலிவான நான்கு வாய் அட்டைக்கு உச்சம் 500. வீட்டில் வலைப்பின்னல் வழியாகக் கோப்புகளை எடுப்பவர்களுக்கு ஒரு கிகாபிட் கம்பி என்பது நொடிக்கு 125 மெகாபைட். அதற்கு மேல் எத்தனை தட்டு கட்டினாலும் கம்பிக்கு அந்தப் பக்கம் தெரியாது.

அளக்கும்போது ஏமாறுவது

எதிர்பாராத வேகமும் ஏமாற்றுத்தான். ஒரு கோப்பை இரண்டாம் முறை வாசித்தால் அது நினைவகத்திலிருந்தே வரும். நொடிக்கு ஆயிரக்கணக்கான மெகாபைட் காட்டும். தட்டு அசைந்தே இருக்காது. சோதனைக் கோப்பு கணினியின் நினைவகத்தைவிடப் பெரிதாக இருப்பது நல்லது. அடுத்து, ஐஓஸ்டாட் கட்டளையை ஓடவிட்டு ஒவ்வொரு தட்டின் சுமையையும் தனித்தனியே பார்க்க வேண்டும். எல்லாத் தட்டுகளும் நூறு சதவீதத்தை ஒட்டி நின்றால் அணி முழு மூச்சில் ஓடுகிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று மட்டும் நூறில் நிற்க, மற்றவை இருபதில் இருந்தால் கயிற்றைப் பிடித்து வைத்திருப்பது யார் என்று தெரிந்துவிடும். எல்லாமே குறைவாக இருந்தால் தடை பாதையிலோ, ஒன்றன்பின் ஒன்றாகக் கோரிக்கை கொடுக்கும் நிரலிலோ இருக்கிறது.

அளக்கும் முன் பின்னணியில் வேறு வேலை ஓடவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். புதிதாகக் கட்டிய ரெய்டு 5 முதலில் பாரிட்டி முழுவதையும் எழுதி முடிக்க வேண்டும். 4 டெராபைட் தட்டுகளில், சராசரி 150 மெகாபைட் வேகத்தில், இதற்கே ஏழரை மணி நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் அளந்த வேகத்தை வைத்து முடிவுக்கு வருகிறவர்கள் ஏராளம். டெபியன் வகை லினக்ஸில் நெடுங்காலமாக மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நள்ளிரவு 12:57 மணிக்கு அணி முழுவதையும் சரிபார்க்கும் வேலை தானாகத் தொடங்கும்படி வைத்திருந்தார்கள். இதைத் தெரிந்துகொள்வதற்கு முன் ஒரு ஞாயிறு காலையில் என் கணினி பாதி வேகத்தில் ஊர்ந்தது. தட்டு ஒன்று சாகப்போகிறது என்று முடிவு கட்டி, கடை திறந்ததும் போய்ப் புதுத் தட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். மாட்டுவதற்கு முன் எம்டியின் நிலைக் கோப்பைத் திறந்து பார்த்தபோது சரிபார்ப்பு 71 சதவீதம் முடிந்திருந்தது. மாலையில் வேகம் தானாகத் திரும்பிவிட்டது. அந்தப் புதுத் தட்டு இன்னும் உறை பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.